பத்தாம் வகுப்பு டிரம்ப் கார்டு

கோட்டுச்சேரியில் யாருடைய முகத்தையும் நான் உள்ளபடி விட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கு ஃபிளெக்ஸ் அடிக்க வந்தாலும் கடைப்படி ஏறும்போதே ஒரே பாட்டுதான்: "கொஞ்சம் கலரா ஆக்கிடுங்கக்கா." அதற்காகவே ஃபோட்டோஷாப்பில் ஒரு ஆக்‌ஷன் செய்து வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், முகம் இரண்டு படி வெளுத்து, சுருக்கம் போய், எண்ணெய் வழியும் நெற்றி துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பவுடர்'. பவுடர் போட்டு முடித்ததும் மருவையும் பருவையும் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பையும் ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பேன். எடுத்துக்கொண்டே வந்தவர்களிடம் பேசுவேன், போனில் சண்டை போடுவேன், இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசிப்பேன். கை பாட்டுக்குக் கை வேலை பார்க்கும். செத்தவர்களைக்கூட நான் கறுப்பாக அனுப்பியது கிடையாது.

இப்படிப்பட்ட என்னிடம்தான் போன வைகாசியில் கார்முகில் வந்து நின்றான். நானும் அவனும் இதே ஊர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை ஒரே வகுப்பு. இப்போது மின்துறையில் இருக்கிறான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்து, தினமும் விடிந்ததும் விடியாததுமாகப் பூப்படத்தோடு வணக்கம் போடுகிறவன் அவன்தான். பள்ளியை விட்டு இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூடத்திலேயே கூடுவது என்று முடிவாகியிருந்தது.

"வர்றவங்களுக்கெல்லாம் ஷீல்டு குடுக்கலாங்கிறாங்க சுகிர்தா. டிசைன் ஒன்னு போட்டுக் குடு."

"ஷீல்டா? பரண்ல கெடந்து பல்லி முட்டை போடும்."

"வேற என்னதான் குடுக்கறது, நீயே சொல்லு."

நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "டிரம்ப் கார்டு அடிக்கலாம்டா. நம்ம கிளாஸையே."

கார்முகில் என்னையே பார்த்தான். வழுக்கையும் தொந்தியுமாக நின்ற ஆளின் முகத்தில் சட்டென்று பதினைந்து வயசு வந்து போனது. "ரேங்க்கு போடணும். எனக்கு ஒன்னாம் ரேங்க்," என்றான்.

எங்கள் வயசுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மல்யுத்தக்காரர்கள் படம் போட்டு ஒரு சீட்டுக்கட்டு விற்றது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தடியன், கீழே அவன் உயரம், எடை, மார்பளவு, கைச்சுற்றளவு, ரேங்க். சீட்டைக் குலுக்கிப் பங்கு போட்டுக்கொண்டு, மேலே இருக்கும் சீட்டைப் பார்த்து 'எடை' என்றோ 'உயரம்' என்றோ ஒன்றைச் சொல்லவேண்டும். யார் சீட்டில் எண் பெரிதோ, ரேங்க் என்றால் மட்டும் சிறிதோ, அவருக்கு மற்றவர் சீட்டு போய்விடும். எதைச் சொன்னாலும் தோற்கிற சீட்டு ஒன்றிரண்டு எல்லாக் கட்டிலும் உண்டு. அதற்குச் சப்பை கார்டு என்று பேர். அது கைக்கு வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அடியில் செருகுவோம்.

ஒரு மாங்கனித் திருவிழாவில், காரைக்கால் கடைத்தெருவில், ஆளுக்குப் பாதி போட்டு நானும் என் வகுப்புக் கூட்டாளி முத்தமிழும் அந்தக் கட்டை வாங்கினோம். சாமி ஊர்வலத்தில் மாடிகளிலிருந்து வீசுகிற மாம்பழம் வந்து விழுந்துகொண்டிருக்கிறது, சனம் முட்டி மோதுகிறது, நாங்கள் இரண்டு பேரும் ஒரு கடை ஓரமாகக் குந்தி அட்டையைப் பிரித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம். புது கார்டுக்கு ஒரு வாசனை உண்டு. சாயமும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. மூன்றாம் மாசமே அது போய் எலுமிச்சஞ்சாதம் வாசனை வந்துவிட்டது, அது வேறு கதை. சாப்பாட்டு மணியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டம் நடக்கும். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் குஸ்திக்காரன் படம் எதற்கு என்று கிண்டல் செய்த பயல்கள் ஒரே வாரத்தில் எங்களிடம் வந்து கெஞ்சினார்கள், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

ஜெயிப்பது எப்போதும் முத்தமிழ்தான். கட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம். எந்தச் சீட்டின் மூலை மடங்கியிருக்கிறது, எதன் முதுகில் ஊறுகாய்க் கறை இருக்கிறது என்று பார்த்தே எதிராளி கையில் யார் இருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். சீட்டை ஓங்கித் தரையில் அடித்து "வெயிட்டு" என்று கத்தினால், அந்தப் பக்கம் சுப்ராயன் சார் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்துவிடுவார். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். டெம்ப்ளேட் போட உட்கார்ந்தால் அது லேசுப்பட்டதாக இல்லை. ஃபிளெக்ஸில் பத்தடிக்குப் பரப்பி அடித்துப் பழகியவளுக்கு உள்ளங்கையளவு அட்டை கண்ணைக் கட்டியது. மேலே படச் சட்டம், நடுவில் பேர்ப் பட்டை, கீழே எண்களுக்கு ஆறு வரி. வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகினால் ஓரம் வெள்ளையாகப் பல்லிளிக்கும் என்பதால் நான்கு பக்கமும் நிறத்தைச் சற்றே வெளியே இழுத்துவிட்டேன். பின்பக்கத்துக்கு எங்கள் சீருடை நிறம். அந்த ஊதாப்பச்சையைப் பிடிப்பதற்குள் எனக்கு ஒரு நாள் போய்விட்டது. அது என்ன நிறம் என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள்.

எண்கள் விஷயத்தில்தான் கார்முகிலுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. பத்தாவதில் வாங்கிய மார்க்கைப் போடவேண்டும் என்றான். அவன் வாங்கியது அப்படி.

"மார்க்கு போட்டா பாதி பேரு வரமாட்டாங்க. மீதிப் பேரு வந்து ஒன்ன ஒதைப்பாங்க," என்றேன்.

கடைசியில் நான் சொன்னதுதான் நின்றது. சைக்கிள் மிதித்த தூரம், வாங்கிய பிரம்படி, பெஞ்சு மேல் நின்றது, இப்போதைய உயரம், இப்போதைய எடை, சத்தம். எல்லாம் குழுவில் கேட்டு, சண்டை போட்டு, ஒத்துக்கொண்ட எண்கள். ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் கட்டில் சப்பை கார்டு என்று ஒன்று இருக்கக் கூடாது. யாராக இருந்தாலும் ஆறு வரியில் ஒன்றிலாவது ஊரையே அடிக்கிற மாதிரி இருக்கவேண்டும். மற்ற எல்லாவற்றிலும் முத்தமிழ் சராசரிதான். ஆனால் சத்தத்தில் அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். அதில் மட்டும் குழுவில் ஒருத்தரும் தகராறு செய்யவில்லை.

படத்துக்கு ஒரு முறை வைத்தேன். பெரிய சட்டத்தில் இப்போது எடுத்த படம், மூலையில் ஒரு சின்ன வட்டத்தில் பத்தாவது குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம். எங்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. திருவேட்டக்குடி காத்தமுத்து வண்டி விபத்தில் போய்விட்டான். விஷ்ணுப்ரியா உடம்புக்கு வந்து போய்விட்டாள். அவர்களை விட்டுவிட மனசு வரவில்லை. அவர்களுக்கு மட்டும் பழைய முகத்தையே பெரிய சட்டத்தில் போட்டு, மூலை வட்டத்தை எடுத்துவிட்டேன். சைக்கிள் மிதித்த தூரத்தில் காத்தமுத்துவை யாராலும் அடிக்க முடியாது.

எல்லோரும் படம் அனுப்பிவிட்டார்கள். சிலர் அனுப்பிய படத்தைப் பார்த்தால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது மாதிரி, அவரவர் முகத்தின் மேல் அவரவருக்கு என்ன ஆசை என்று தெரிந்தது. முத்தமிழ் மட்டும் அனுப்பவில்லை. குழுவில் அவள் பேருக்கு நேராக ஒரு செம்பருத்திப் பூதான் இருக்கும்.

அவள் இருப்பது வேறு தேசத்தில் இல்லை. வரிச்சிக்குடியில், மாமன் மகனைக் கட்டிக்கொண்டு, நெல்லும் உளுந்துமாக விவசாயக் குடும்பம். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள், என் ரவிக்கை எல்லாம் அவள் தைத்ததுதான். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அவளுக்கு வெண்படை வந்தது. முதலில் விரல் நுனியில், பிறகு உதட்டோரம், பிறகு இரண்டு கண்ணையும் சுற்றி. ஒட்டாது, நோகாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். ஊர் டாக்டரைக் கேட்டா நடக்கிறது?

ஒரு தடவை அவள் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. சுமங்கலிகள் வரிசையாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சியின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். இவள் முறை வந்து கிண்ணத்தில் விரலை வைத்ததும், சொந்தக்கார அம்மா ஒருத்தி கிண்ணத்தை மெல்ல நகர்த்தி, "நீ ஒக்காரும்மா, ஒனக்கேன் செரமம்" என்றாளாம். ஏசியிருந்தால் முத்தமிழ் திருப்பி ஏசியிருப்பாள், அவளுக்கு வாய் இல்லையா என்ன? இந்தத் தேன் தடவின பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள். அன்றோடு விசேஷங்களுக்குப் போவதை விட்டாள். படம் எடுத்துக்கொள்வதை விட்டாள். குரலும் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேசுவது கேட்கும். எனக்கு அந்த அம்மா மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கார்முகிலிடம் சொன்னபோது அவன் சுலபமாக ஒரு வழி சொன்னான். "அவளுக்கும் பழைய படத்தையே பெருசா போட்டுடு. சங்கடம் இல்லாம போயிடும்." எனக்கு வந்த கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வரிச்சிக்குடிக்குப் போனேன்.

முத்தமிழ் தையல் மெஷினில் இருந்தாள். நான் உட்காருவதற்குள் எதற்கு வந்தேன் என்று தெரிந்துகொண்டாள்.

"கல்யாண ஆல்பத்துல இருக்குல்ல. அதுல ஒன்ன எடுத்துக்க."

"இப்ப உள்ளது வேணும்டி."

"இப்ப உள்ளத பாத்து யாருக்கு என்னடி ஆவப்போவுது?"

"கார்முகில் பழைய படத்தை மட்டும் போடச் சொல்றான். அந்த மாதிரி கார்டு கட்டுல ரெண்டுதான் இருக்கு. ஒன்னு காத்தமுத்து, ஒன்னு விஷ்ணுப்ரியா. மூணாவதா ஒன்ன சேக்கவா? நீயே சொல்லு, நான் சேத்துடறேன்."

மெஷின் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். நெடுநாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன்.

"நாக்குல நல்ல வார்த்தையே வராதாடி ஒனக்கு? எடுத்துத் தொலை."

கொல்லை வாசற்படியில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கே உட்காரவைத்து என் போனிலேயே எடுத்தேன். பொட்டைச் சரி செய்துகொண்டு நேராகப் பார்த்தாள். எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளபடி போடணும் சுகி. பூசி மெழுவி போட்டின்னா, நான் அங்க வந்து நிக்கும்போது எல்லாரும் கார்டையும் என்னையும் மாத்தி மாத்தி பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்கு ஆவாது."

"அப்ப வர்றேங்கிற."

"கார்ட பாத்துட்டுச் சொல்றேன்."

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சத்தியம் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், உள்ளபடி, உள்ளபடி என்று.

அந்த வாரம் முகூர்த்த வாரம். ஃபிளெக்ஸ் வேலை தலைக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் காரைக்காலில் உள்ள அச்சகத்துக்கு ஃபைல் போயாகவேண்டும், அப்போதுதான் சனிக்கிழமை வெட்டி வரும். வகுப்புப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, வழக்கம்போல மொத்தமாகப் பவுடர் ஓடவிட்டேன். பிறகு ஒவ்வொரு முகமாகத் திறந்து பெரிதாக்கி, கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன். காதில் போன், போனில் கார்முகில். சாப்பாட்டுக்குச் சொன்ன ஆள் சாம்பார்சாதமா தக்காளிச்சாதமா என்று கேட்கிறானாம். அதற்கு அரைமணி நேரம். அவ்வளவு பெரிதாக்கினால் முகம் எதுவும் தெரியாது, திரை முழுக்கத் தோல்தான் தெரியும். கறுப்பு இருந்தால் எடுப்பேன், வெள்ளை இருந்தால் பக்கத்து நிறத்தை இழுத்து மூடுவேன். அப்படித்தான் இத்தனை வருஷம் செய்துவந்தேன். யாருடைய தோல் என்று பார்க்கும் பழக்கம் என் கைக்கு இல்லை. தக்காளிச்சாதம் என்று முடிவானபோது எல்லா முகமும் முடிந்திருந்தது, ஃபைலை அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி வந்து இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் முத்தமிழ் கடைக்குள் வந்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தனியாக, பஸ்ஸில் வந்திருந்தாள். முந்தானையைப் போர்த்திக்கொள்ளவில்லை, தலை குனிந்திருக்கவில்லை. பிச்சிப்பூ வைத்திருந்தாள். பஸ் நெரிசலில் பூ நசுங்கியிருந்தது.

"பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள்.

அவளை உட்காரவைத்து ஒரு கட்டைப் பிரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தோம். மேசைமேல் சீட்டைப் பரப்பி ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தோம். கார்முகிலின் தொந்தியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்திருந்தேன், அதைப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காத்தமுத்து சீட்டை எடுத்துத் தூரத்தைப் படித்து, "பாவி, தெனமும் அந்த மணல்ல மிதிச்சு வந்தானேடி" என்றாள். அவள் சீட்டு அடியில் இருந்தது. நான்தான் பெருமையாக உருவி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கொடுத்தபிறகுதான் நானே அதைப் பார்த்தேன்.

சீட்டில் இருந்த முகத்தில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. உதட்டோரமும் கண்ணோரமும் கன்னத்தோடு கன்னமாக ஒரே மாநிறம். அதைப் பிடித்திருந்த விரல்கள் நுனிவரை வெளுத்திருந்தன. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"வேணும்னு செய்யலடி. சாமி சத்தியமா. கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு, நான் பாக்கவே இல்ல. நீ அவ்வளவு சொல்லியும்..."

"கொஞ்ச நேரம் பேசாம இரு சுகி."

அவள் சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். திட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"எங்கம்மா சாடை வந்திருக்குடி எனக்கு," என்றாள். "இந்தக் கன்னம் எங்கம்மா கன்னம். எப்ப வந்துதுன்னே தெரியல. கண்ணாடிய பாத்தா எது எவ்வளவு பரவியிருக்குன்னுதான் பாக்கறேன். மொகத்த பாக்கறதே இல்ல."

பிறகு அழுதாள். சத்தமில்லாமல், சீட்டு நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கு மட்டும் கல் நெஞ்சா? வெண்படை வராமல் இருந்திருந்தால் நாற்பது வயசில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அந்தச் சீட்டில் இருந்தது. அதை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மாங்கனித் திருவிழாவில் என்னோடு குந்தியிருந்த பெண் நேர்வழியில் வளர்ந்து வந்து நின்றால் இந்த முகம்தான். என் கண்ணுக்கும் அது அவ்வளவு அழகாக இருந்தது, அதை எப்படி மறைப்பது?

அதனால்தான் கேட்டேன். எல்லாக் கட்டும் வெட்டி முடிந்துவிட்டது என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "இதையே விட்டுடலாமாடி? நல்லாருக்க."

அவள் கம்ப்யூட்டர் பக்கம் தலையை ஆட்டினாள். நான் ஃபைலைத் திறந்து, போனில் எடுத்த படத்தை அப்படியே கொண்டுவந்து இன்னொரு சீட்டில் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் நிறுத்தினேன். ஒரு பக்கம் மாநிற முகம். இன்னொரு பக்கம் கொல்லை வாசற்படி வெளிச்சத்தில், உதட்டோரமும் கண்ணோரமும் வெள்ளையாக, நேராகப் பார்க்கிற முகம். வெளியே திருவேட்டக்குடி பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. கடையிலிருந்த சின்ன பிரிண்டரில் தடித்த அட்டை இருக்கிறதா என்று பார்த்துவைத்தேன். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சீட்டை உருவி மாற்றவேண்டும், உட்கார்ந்தால் கடை சாத்துவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை என்று அப்போதாவது எனக்குத் தெரிந்தது.

முத்தமிழ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நேராக உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாநிற முகத்தின் கன்னத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இவ நல்லாத்தான் இருக்கா," என்றாள். "ஆனா நாளைக்கு இவ வரமாட்டாடி. நாந்தான் வருவேன். என்னப் போடு."

நான் பிரிண்ட் கொடுத்தேன்.